சொட்டு திறந்த கூரை

அடக்கம் என்ற சட்டையைச் சொட்டு ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. கூரை வேலைக்கு ஆள் தேடி அவளிடம் வருபவர்கள், கூலி பேசுவதற்கு முன்பு அவளுடைய பெருமையைக் கேட்டு முடித்தாக வேண்டும். "நான் மூடின கூரை ஒழுகுதுன்னு ஒரு வீட்டைக் காட்டுங்க. காட்டிட்டா ஏணியை வித்துட்டு எங்க வீட்டுக்காரர் கடையில காஜா எடுக்க உக்காந்துடறேன்" என்பாள். வீட்டுக்காரர் தையல்காரர். ஓரிடத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கிற பொறுமை அவளுக்குச் சுத்தமாகக் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். அதனால் அது சாதாரணச் சவால் அல்ல என்பதும் தெரியும்.

பெயர் வந்த கதை சின்னது. ஆரம்பத்தில் அவள் ஒரு காண்டிராக்டரிடம் தகரம் தூக்கிக் கொடுக்கிற ஆளாக இருந்தாள். ஒரு மருந்துக் கடையில் ஒழுகல். வாளி வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே கூரையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து எல்லாரும் அலுத்துப்போனார்கள். அடுத்த மழையின்போது அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, உள்ளங்கையைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு, ஈரம் எந்தப் பக்கமிருந்து நடந்து வருகிறது என்று அதன் பின்னாலேயே போனாள். கடையின் மறுகோடியில், தளர்ந்துபோன ஓர் ஆணியில் கொண்டுபோய் அதைப் பிடித்தாள். தண்ணீர் விழுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. காண்டிராக்டர் அன்றைக்கு வைத்த பெயர்தான் சொட்டு. பிறகு காண்டிராக்டர் வேலையை விட்டுவிட்டார். பெயரும் ஏணியும் அவளிடம் தங்கின.

வீட்டில் மூன்று பேர். மனிதன் இந்த உலகத்துக்கு முதலாளியா, குடித்தனக்காரனா என்ற கேள்வி தத்துவப் புத்தகங்களில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வீட்டில் அது கரப்பான் பூச்சி வரும்போதெல்லாம் வரும்.

தையல்காரர் கரப்பானைத் துண்டுத் துணியில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் விடுகிறவர். அதற்கும் ஓர் உயிர்தான், நமக்கும் ஓர் உயிர்தான் என்பது அவர் கட்சி. அவருடைய அக்காவுக்கு, அதாவது சொட்டுவின் நாத்தனாருக்கு, செருப்புதான் கட்சி. "நீ வெளிய விட்டது பக்கத்து வீட்டுக்குப் போகும். அவங்க அடிப்பாங்க. பாவம் அவங்க தலையில, உன் கை மட்டும் சுத்தம்" என்று தம்பியைக் குத்துவாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். சாமான் வாங்குவது, அளவெடுப்பது, பேரம் பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. பேரத்தில் அவளிடம் மாட்டிய இரும்புக்கடைக்காரர்கள் அடுத்த முறை அவளைப் பார்த்ததும் மகனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

அவளுடைய கடுமைக்குக் காரணம் இருந்தது. ஒரே மகன். சின்ன வயதில் அவர்கள் குடியிருந்த அறையில் மழைக்காலம் முழுக்கச் சுவர் பூஞ்சை பூத்துப் பச்சையாக இருக்கும். பையனுக்கு மூச்சு இளைக்கும். அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இப்போது அவன் வளர்ந்து, வேறு ஊரில் பஸ் ஓட்டுகிறான், சத்தமாகச் சிரிக்கிறான். ஆனாலும் சுவரில் ஈரத்தைப் பார்த்தால் அவள் முகம் மாறிவிடும். மனிதக் குழந்தையின் மூச்சுக்கு முன்னால் வேறு எதுவும் அவளுக்குப் பெரிதல்ல. அதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

சொட்டுவுக்கு எந்தக் கட்சியும் இல்லை. இயற்கை என்றால் அவளுக்கு மழை. மழை உள்ளே வரப் பார்க்கும், அவள் விடமாட்டாள். இரண்டு தரப்புக்கும் நெடுநாள் பகை, அதில் ஒரு மரியாதையும் உண்டு. அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் நெஞ்சு வார்டுக் கூரை அவளிடம் வந்தபோது நாத்தனார் பேரமே பேசவில்லை. அவள் மகன் படுத்திருந்த வார்டு அது. நீளமான பழைய கட்டடம். மேலே தகரம், கீழே பலகைச் சீலிங், இரண்டுக்கும் நடுவே தவழ்ந்தால் மட்டும் போகக்கூடிய இருட்டு. கோடியில் உள்ள முக்கோணச் சுவரின் உச்சியில் ஒரு பிளவு. சாரல் அதன் வழியாகத்தான் உள்ளே போய்ச் சீலிங்கை நனைத்தது. அதே பிளவு வழியாகத்தான் சின்ன வௌவால்களும் போய்வந்தன. பெருவிரல் அளவு வௌவால்கள். அவற்றின் எச்சம் பலகை இடுக்கு வழியாக உதிர்ந்து வார்டில் விழுந்தது. குழந்தைகளை வராந்தாவில் திரை கட்டிப் போட்டிருந்தார்கள். மழை தொடங்குவதற்குள் உள்ளே மாற்ற வேண்டும் என்றார் பெரிய டாக்டரம்மா.

சொட்டு ஒரு தகரத்தைத் தூக்கி, தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தாள். கடைசியில் கறுப்பாக ஒரு கொத்து தொங்கியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. தவழ்ந்து போய்ப் பார்த்திருக்கலாம். முட்டி வலி. அதோடு, போகிற வழி ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. பிளவின் விளிம்பில் உடம்பு உரசி உரசி வழவழப்பான கறை இருந்தது. ஒழுகலுக்கு வழி தெரிந்தால் வேலை முடிந்த மாதிரி. அந்தப் பழக்கத்தில் தலையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது நாத்தனார் மருந்துப் புகை போடச் சொன்னாள். தையல்காரர் தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளும் விதமே அதுதான், சாப்பாடு காய்ந்துபோகும். இருவரையும் பார்த்துவிட்டு, தன்னிடம் இதைவிட நல்ல யோசனை இருப்பதாகச் சொட்டு சொன்னாள். வௌவால் எல்லாம் பொழுது சாயும்போது இரை தேடி வெளியே போகும். போனதும் பிளவை மூடிவிட்டால் ஆயிற்று. யாரையும் கொல்ல வேண்டாம், யாரும் உள்ளே திரும்ப முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள்ளும். தையல்காரர் சாப்பிடத் தொடங்கினார்.

மறுநாள் மாலை அப்படியே செய்தார்கள். அவளிடம் வேலை செய்யும் உயரமான ஆள், எல்லாரும் நெட்டை என்றே கூப்பிடுகிறவன், ஏணியைப் பிடித்துக்கொண்டான். இருட்டத் தொடங்கியதும் பிளவிலிருந்து வௌவால்கள் நூல்கண்டு பிரிவதுபோல வந்துகொண்டே இருந்தன. வரத்து நின்ற பிறகும் அவள் காத்திருந்தாள். தகரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. தகட்டை மடித்துப் பொருத்தி, போல்ட் முடுக்கி, விளிம்பெல்லாம் பசை பூசினாள். அவ்வளவு சுத்தமான வேலையை அவளே அதுவரை செய்ததில்லை. கீழே தையல்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நாத்தனார்கூட, "யாரையும் சாகடிக்கல, பிள்ளைங்களுக்கும் காய்ஞ்ச இடம். மூளைன்னா இது" என்று சொன்னாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது ஆண்டுக்கு ஒரு முறைதான். சொட்டு அன்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட இந்தக் கதையைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் குழந்தைகளை வார்டுக்குள் மாற்றினார்கள். மாற்றிய கொஞ்ச நேரத்தில் வார்டு நர்ஸ் போன் செய்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க. சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. உள்ளயும் ஏதோ சத்தம்."

முக்கோணச் சுவர் முழுக்க வௌவால்கள். பட்டப்பகலில், வெயிலில், கத்தரித்துப் போட்ட கறுப்புத் துணிபோல ஒட்டிக்கொண்டிருந்தன. சில அவள் மடித்த தகட்டின் இடுக்கில் தலையைத் திணித்துக்கொண்டு நகராமல் இருந்தன. எந்த இடுக்கிலும் உள்ளே போக வழியில்லை. அவள் வேலை அப்படி. வார்டுக்குள் குழந்தைகள் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே யாரோ மெல்ல விசில் அடிக்கிறார்கள் என்று ஒரு சிறுமி சொட்டுவிடம் சொன்னாள். சொட்டு காது கொடுத்தாள். ஒரு விசில் இல்லை, நிறைய.

அடுத்த தெருக் கல்லூரியில் வௌவால்களைப் பற்றியே பாடம் நடத்துகிற ஒருவரை நர்ஸ் கூட்டி வந்திருந்தார். மாணவர்கள் வைத்த பெயரையே ஊரும் வைத்துக்கொண்டது: வவ்வால் வாத்தியார். மெதுவாகப் பேசுகிற மனிதர். எப்போது மூடினார்கள் என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம். எல்லாம் வெளிய போனப்புறம்தான் மூடினேன்" என்றாள் சொட்டு. அதைச் சொல்லும்போதுகூடக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பெரிசு எல்லாம் போயிருக்கும்மா. குட்டிங்க போகாது. இந்த மாசம் அதுங்களுக்குப் பறக்க வராது. தாய் வெளிய போய் தின்னுட்டு வந்து பால் கொடுக்கணும்."

"பாலா?"

"பால்தான். பறக்கிறதால பறவைன்னு நினைச்சுட்டீங்க."

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். கூடு இல்லை, முட்டை இல்லை, அதனால் உள்ளே எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். புகை போட்டிருந்தால் ஒரே நொடியில் முடிந்திருக்கும். யாரையும் கொல்லாத வழி என்று அவள் கண்டுபிடித்த வழி, தாயை வெளியிலும் பிள்ளையை உள்ளேயும் வைத்து நடுவே தகடு முடுக்கிய வழியாக இருந்தது. நல்ல எண்ணம் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் செய்கிற தவறு அது. எதிரில் இருக்கும் உயிர் எப்படி வாழ்கிறது என்று கேட்காமல் அதற்கு நல்லது செய்யப் போனால் இப்படித்தான் ஆகும். சொட்டு ஏணியில் ஏறி அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே தகரம் சூடேறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவின் அறையில் எல்லாரும் கூடினார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. இப்போதுதான் குழந்தைகளை மாற்றினோம், ஒரு குழந்தைக்கு ஆக்ஸிஜன் ஓடுகிறது, மறுபடி வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது என்றார். ஜன்னலைக் காட்டினார். வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "எனக்கு அந்தக் குட்டிங்க மேல கோபம் இல்ல. ஆனா நான் யாருக்கு டாக்டர்னு எனக்குக் குழப்பமும் இல்ல" என்றார். அது நேர்மையான பேச்சு. 

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். வௌவாலுக்காக வாதாட வேண்டியவர் அவர்தானே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். இது அழிஞ்சுட்டு வர்ற ஜாதி இல்ல. ஒரு வருஷக் குட்டி போனா கூட்டம் தேறிக்கும். நான் கூட்டத்தைப் பாக்கிறவன். கூட்டத்துக்கே ஆபத்துன்னா டாக்டரோட சண்டை போடுவேன். இதுக்குப் போட மாட்டேன். வருத்தமா இருக்கு, அவ்வளவுதான்."

தையல்காரருக்கு இது தாங்கவில்லை. "ஒண்ணொண்ணாச் சேந்துதானே சார் கூட்டம்?"

"நீ சும்மா இரு" என்றாள் அவர் அக்கா. "மேல ஒண்ணொண்ணாக் கிடக்குன்னா கீழயும் ஒண்ணொண்ணாத்தான் கிடக்கு. போய் அந்த வராந்தாவைப் பாரு. ஒவ்வொண்ணுக்கும் அம்மா வெளிய உக்காந்திருக்கா."

"மேல இருக்கிறதோட அம்மாவும் வெளியதான்கா உக்காந்திருக்கு."

அவர் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தானே தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

 நான்கு பேரும் நான்கு அளவுகோல் வைத்திருந்தார்கள். நான்கும் சரியாகவே இருப்பதாகச் சொட்டுவுக்குப் பட்டது. அதுதான் தொல்லையாக இருந்தது. அவள் பேசியபோது அந்த அளவுகோல்கள் எதையும் எடுக்கவில்லை.

"யார் உயிர் பெரிசுன்னு நீங்க படிச்சவங்க பேசுங்க, எனக்குத் தெரியாது. மூடினது நான். உள்ள யார் இருக்காங்கன்னு பாக்காம மூடினேன். அது தப்பான வேலை. தப்பா செஞ்ச வேலையை அப்படியே விட்டுட்டு நான் எங்கயும் போனதில்ல."

"திறந்தா தண்ணி வரும்" என்றார் டாக்டரம்மா.

"வராம செய்யறது என் பாடு."

"பிள்ளை மேல விழுந்தா?"

"விழுந்தா அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக் கூரையிலயும் நான் ஏற மாட்டேன். இது உங்க எல்லார் முன்னாலயும் சொல்றது."

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, ஆக்ஸிஜன் ஓடுகிற கட்டிலை மட்டும் எதிர்க் கோடிக்குத் தள்ளச் சொல்லி நர்ஸை அனுப்பினார். அனுமதி என்று வாயால் சொல்லவில்லை.

இனி மழைக்கும் அவளுக்கும் பந்தயம். உள்ளே ஒரு தொட்டில்போலத் தார்ப்பாயைக் கட்டிச் சாரலைப் பிடித்து ஓரமாக வெளியே வடியவிட வேண்டும். பிளவுக்கு வெளியே தகரத்தில் ஒரு முகமூடி வைக்க வேண்டும், வௌவால் கீழிருந்து ஏறிப் போகும்படி, மழை மேலிருந்து நுழையாதபடி. தொட்டிலை முதலில் கட்டிவிட்டு அப்புறம் திறக்கலாம் என்று நெட்டை சொன்னான். வேலை முறைப்படி அதுதான் சரி. அவள் கேட்கவில்லை. நேராக ஏறி, முந்தின நாள் பூசிய பசையைக் கத்தியால் கீறி, தகட்டைப் பிடுங்கினாள். அவள் கை விலகுவதற்குக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த வௌவால்கள் காத்திருக்கவில்லை. காதருகே, கழுத்தருகே, விரலிடுக்கில், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்தன. ஏணியின் உச்சியில் அசையாமல் நின்றாள். கீழே நின்ற நெட்டை பிறகு எல்லாரிடமும் சொன்னது: சொட்டு அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கூலி வாங்கும்போதுகூடப் பார்த்ததில்லை.

தையல்காரர் கடையை மூடிவிட்டுத் தார்ப்பாயோடு மிஷினில் உட்கார்ந்தார். "இவ்வளவு பெரிய ஆளுக்கு நான் இதுவரைக்கும் தைச்சதில்ல. இடுப்பு எங்க வருதுன்னே தெரியல" என்று முனகிக்கொண்டே தைத்தார். பாதியில் ஊசி உடைந்தது. வாத்தியார் பக்கத்தில் நின்று, சரிவு எவ்வளவு வேண்டும், குட்டிகள் எந்த மூலையில் ஒண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை போடமாட்டேன் என்றவர், தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மனிதர்கள் தங்கள் கொள்கையைவிடக் கொஞ்சம் நல்லவர்களாக இருப்பதும் உண்டு.

நாத்தனார் மட்டும் எதிலும் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு பிளாஸ்டிக் பேசினில் பழைய துணியைப் போட்டு எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போய், கோடியில் ஸ்டூலைப் போட்டு அண்ணாந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு துடைப்பக் கட்டை. "ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் கட்டையால சீலிங்கைத் தட்டுவேன். அது எங்கன்னு மேல இருக்கிறவளுக்குத் தெரியணும்ல" என்று நர்ஸிடம் சொன்னாள். திறப்பதில் தனக்குச் சம்மதமில்லாத கூரையைத்தான் காவல் காக்க உட்கார்ந்திருந்தாள்.

தூக்கிய தகரத்தின் வழியாகக் கையை விட்டுத் தொட்டிலைக் கட்டி முடித்து, முகமூடித் தகட்டின் கடைசித் திருகை முடுக்கும்போது மழை வந்துவிட்டது. இடி மின்னல் இல்லாத கனத்த மழை; இடி இருந்திருந்தால் நாத்தனாரே வந்து அவள் காலைப் பிடித்துக் கீழே இழுத்திருப்பாள். சொட்டு இறங்கவில்லை. தூக்கிய ஒரு தகரத்தின் கீழ் தலையையும் தோளையும் விட்டு, டார்ச்சைத் தொட்டில்மேல் அடித்துக்கொண்டு கிடந்தாள். சாரல் தகட்டில் பட்டு வெளியே போயிற்று. தப்பி வந்தது தொட்டிலில் விழுந்து சரிவில் ஓடி, ஓரத்தில் வடிந்தது. நினைத்தது நினைத்தபடி.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து கட்டை தட்டியது. டக், டக்.

ஒழுகல் அவளுடைய தகட்டில் இல்லை. புருஷன் போட்ட தையலில், ஊசி போன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்த் தையலுக்கு மெழுகு தேய்க்க வேண்டும் என்பது சட்டை தைக்கிறவருக்குத் தெரிய நியாயமில்லை. கூரைக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவசரத்தில் மறந்துவிட்டாள். கையை எட்ட விட்டு, தையல் வரியின் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். தண்ணீர் மணிக்கட்டு வழியாக அவள் சட்டைக்குள் ஓடியது. சீலிங்குக்குப் போகவேண்டியது அவள் மேல் போயிற்று. இருட்டில், கை எட்டுகிற தூரத்தில், வௌவால்கள் கொத்தாக இருந்தன. விசில் சத்தம் இப்போது இல்லை.

அதற்குள் தப்பிய தண்ணீர் கீழே விழுந்தது இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில். நாத்தனார் அதற்கு நேரே பேசினை வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்து பேசினைப் பார்த்தார். நாத்தனார் எழுந்து நின்றாள். வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவள் இந்த முறை எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"ஒழுகுதும்மா. பிள்ளைங்க மேல இல்ல, தரையில. என் தம்பி தையல் ஒழுகுது. அவன் பொண்டாட்டி கூரையில படுத்துக்கிட்டு அதைக் கையால பிடிச்சிட்டிருக்கா. மழை நிக்கிற வரைக்கும் பிடிப்பா. எங்க வீட்டுப் பொண்ணு அவ. தப்பு பண்ணிட்டு ஓடுறவ இல்ல."

டாக்டரம்மா சீலிங்கைப் பார்த்தார். பிறகு குனிந்து, பக்கத்துக் கட்டிலைத் தானே ஒரு முழம் நகர்த்திவைத்தார். "காலையில அதைச் சரி பண்ணிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையிடம் போனார். நர்ஸ் இதையெல்லாம் வார்த்தை விடாமல் சொட்டுவிடம் சொன்னபோது, அவள் கேட்டது ஒன்றைத்தான். "எங்க அண்ணியா அப்படிச் சொன்னாங்க?" மறுபடி சொல்லச் சொன்னாள்.

மறுநாள் மெழுகு தேய்த்தாள். அந்த மழைக்காலத்தில் எப்போது தூறினாலும் வார்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள். மற்ற கூரைக்காரர்கள் அவளுக்கு 'வவ்வாலுக்கு வாசல் வச்சவ' என்று இன்னொரு பட்டம் கட்டிக் கேலி செய்தார்கள். அதையும் அவள் விடவில்லை. "வாசல் வச்சும் ஒழுகாம நிறுத்தினேன். நீங்க வாசலே இல்லாம ஒழுக விடறீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். ஒழுகிய அந்த ஒரு நாளையும் மறைக்கவில்லை. யார் கேட்டாலும் சொன்னாள், தையல் வரி எந்த இடத்தில் என்பது வரை.

வீட்டில் விவாதம் தீரவில்லை. ஒவ்வொரு உயிரும் என்பது தம்பியின் கட்சியாகவே இருந்தது, முதலில் பிள்ளைகள் என்பது அக்காவின் கட்சியாகவே இருந்தது. ஆனாலும், குட்டிகள் பறந்த பிறகு கூட்டம் போய் ஒண்ட வாத்தியார் சலவைக்கூடத்துச் சுவரில் மரப்பெட்டிகள் அடிக்க வந்தபோது, பலகை வாங்கிக் கொடுத்தது அக்காதான். அதுவும் பேரம் பேசி. வார்டை விட்டு அது தொலைந்தால் சரி என்று காரணம் சொன்னாள். சில வௌவால்கள் அந்தப் பெட்டிகளில் குடியேறின. மற்றவை எங்கே போயின என்று வாத்தியாருக்கும் தெரியவில்லை.

கூரையைத் திறந்து ஐந்தாறு வாரம் கழித்து, இனி மூடலாம் என்று அவர் சொன்னார். குட்டிகளும் பறக்கத் தொடங்கிவிட்டன. வெளியே போகலாம், உள்ளே திரும்ப முடியாது என்கிறபடி பிளவில் ஒரு வலையைத் தொங்கவிட்டு, தொடர்ந்து சில மாலைகள் பார்த்து, வெளியே போனது போனதுதான் என்று உறுதிசெய்துகொண்டார். அவர் சொல்லை நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் சொட்டு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தகரத்தைத் தூக்கி, இந்த முறை தலையோடு நிற்காமல் முழு உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். சட்டத்துக்குச் சட்டம் வயிற்றால் நகர்ந்தாள். முட்டி ஒவ்வொரு சட்டத்திலும் அவளைத் திட்டியது. கீழே பலகைக்கு அடியில் குழந்தைகள் இருமுவதும், யாரோ யாரையோ சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவதும் தெளிவாகக் கேட்டன. மேலே தகரத்தில் ஒரு பறவை நடந்துபோனது. இரண்டுக்கும் நடுவே அவள்.

கடைசி மூலையில், தொட்டிலுக்கு அப்பால், அவை கிடந்தன. முதல் நாள் தாங்காமல் போன குட்டிகள். காய்ந்து, சருகுபோல லேசாக இருந்தன. அவள் எண்ணவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். தையல்காரரின் கடைத் துணி அது, சட்டைக்கு மிஞ்சியது. மறுபடி ஒவ்வொரு மூலையாக டார்ச் அடித்துப் பார்த்தாள், கையை விட்டுத் தடவினாள். பிறகு பிளவின் வழியாக வெளியே கத்தினாள். "யாரும் இல்ல. நான் பாத்துட்டேன். தகட்டை எடுத்து வை."

திரும்பி வர முடியவில்லை. முட்டி மடங்கவில்லை. நெட்டையும் வாத்தியாரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து அவளை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. தலையெல்லாம் ஒட்டடை, முகமெல்லாம் எச்சத்தூள். தையல்காரர் அவள் கையிலிருந்த துணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். நாத்தனார் அவளைத் திருப்பி நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். டாக்டரம்மா வாசலில் வந்து நின்று, மூடியாகிவிட்டதா என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றாள் நாத்தனார், சொட்டுவின் காதிலிருந்த ஒட்டடையை எடுத்தபடி. "முதல்ல உள்ள போய்ப் பாத்தா. இப்பதான் மூடப் போறா."